அத்தாவுக்கு நான் வாங்கிக்கொடுத்த நாற்காலி

மணிக்கு ஒருமுறை என் கைக்கடிகாரம் மணிக்கட்டில் அதிர்ந்து, "தெபு" என்று காட்டும். பிரெஞ்சில் எழுந்து நில் என்று அர்த்தம். ஒரு மனுஷனை எழுந்து நிற்கச் சொல்ல ஒரு கருவி தேவைப்படுகிற நாட்டில் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன். பாரிசுக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கில் கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. யாராவது நடந்தால் கவனிக்க வேண்டும், நான் மட்டும் நடக்கக் கூடாது. போன வருடம் சர்க்கரை ஏறிப்போய் நின்றபோது டாக்டர் அம்மா, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அசி?" என்று கேட்டார். அசி என்றால் உட்கார்ந்திருப்பது. "முழு நாளும். உட்கார்ந்தே செய்யும் வேலை" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் முகம் சுருங்கியது. "தெசொலே" என்று வருத்தம் தெரிவித்தார். என் பிரெஞ்சுதான் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "இல்லை, நல்ல வேலை" என்று மறுபடியும் அழுத்திச் சொன்னேன். அவர் மருந்துச் சீட்டு எழுதினார்.

அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊர் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் அப்பாவை நாங்கள் அத்தா என்று கூப்பிடுவோம். கைலி மூட்டையை சைக்கிளில் கட்டிக்கொண்டு பிள்ளைச்சாவடி, கனகசெட்டிக்குளம் என்று வீடு வீடாகப் போய் விற்றவர் அவர். எனக்கு பிரான்சில் வேலை கிடைத்ததும் நாங்கள் குடியிருந்த முல்லா வீதி முழுக்க அவர் சொன்னது ஒன்றுதான்: "புள்ள உக்காந்து பாக்குற வேலைல இருக்கான்." எங்களுக்கு உட்காருவது என்பது பாடுபட்டவனுக்குக் கிடைக்கும் மரியாதை. அதனால் மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு முட்டி வலி வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. பிரான்சில் எங்கள் பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் தொழுகைக்கென்றே விற்கும் மடக்கு நாற்காலி இரண்டு வாங்கினேன். உட்கார்ந்தே பழகிய உடம்பு என்று ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பெட்டியோடு பெட்டியாகக் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தேன்.

அத்தாவுக்கு மனசே இல்லை. "நிக்க முடியறவன் நின்னுதான்டா தொழணும். இன்னிக்கு வலிக்கும், நாளைக்குப் போயிடும்" என்றார். நான் விடவில்லை. "எவ்ளோ நாள் அலைஞ்சீங்க, இனிமே உக்காருங்கத்தா" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. பெற்றவருக்கு ஏதோ செய்துவிட்டேன் என்கிற திருப்தியோடு விமானம் ஏறினேன். ஐந்து வேளையும் குனிந்து, தரையில் நெற்றி வைத்து, எழுந்து, நாளுக்கு இருபது தடவைக்கு மேல் தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்தவர் அன்றிலிருந்து எழவில்லை. முட்டி வலி போய்விட்டது, நாற்காலி போகவில்லை. சாப்பாட்டுத் தட்டு நாற்காலிக்கு வந்தது. டிவியும் செல்போனும் பின்னாலேயே வந்தன.

போன மாதம் அக்கா போன் செய்தாள். அத்தாவோடு இருப்பவள் அவள்தான். "மத்தியானம் லுஹர் தொழுகைக்கு உக்காந்தவருடா. நான் வெளிய போய்ட்டு சாயங்காலம் அசர் தொழுகைக்கு வரேன், அப்பவும் அதே சேர்ல இருக்காரு. எழுந்திரிக்க முடியலயாம். கைலியெல்லாம் ஈரம். கத்துனா பக்கத்து வீட்டுல வந்து பாத்துடுவாங்கன்னு வாய மூடிக்கினு உக்காந்திருக்காரு."

"கீழ விழுந்தாரா?"

"விழலடா. விழுந்திருந்தாலாவது எலும்பு ஒடஞ்சிடுச்சுன்னு சொல்லலாம்."

மறுநாளே கிளம்பினேன். பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்ததில் என் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருந்தது. அதை அமுக்கிப் பார்க்கவே பயமாக இருந்தது. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அத்தாவின் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்பு, நரம்பு எல்லாம் பரவால்ல. சதைதான் இல்ல. எவ்ளோ நாளா உக்காந்தே இருக்காரு?" என்று கேட்டார். "மூணு வருஷமா. தம்பி சேர் வாங்கிக் குடுத்ததுலேர்ந்து" என்றாள் அக்கா. அவள் குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். "தினம் எழுந்து எழுந்து உக்கார வைங்க. இப்படியே விட்டா சீக்கிரம் படுக்கைல விழுந்துடுவாரு" என்றார் டாக்டர். என் விடுப்பு பன்னிரண்டு நாள்.

அன்று சாயங்காலம் பிரான்சுக்குப் பேசி, வீட்டில் இருக்கும் இன்னொரு நாற்காலியை மடித்து உள்ளே வைக்கச் சொன்னேன். "எப்படி வைக்கிறது? சஃபா அதுலதானே தொழுறா" என்றாள் மனைவி. சஃபா எங்கள் மகள், பதிமூன்று வயது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, காரில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து செல்போனோடு சுருண்டு உட்காரும் பிள்ளை. ஏன் உட்கார்ந்து தொழுகிறாய் என்று அவளிடம் கேட்டேன். "நீங்க அப்படித்தானே தொழுவீங்க?" என்றாள். அவள் பார்த்த தொழுகை அதுதான். போனை வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். எழுபத்தைந்தில் ஒருவர், நாற்பத்தேழில் ஒருவன், பதிமூன்றில் ஒருத்தி, எல்லோரையும் ஒரே மாதிரி சாமானில் உட்கார வைத்தவன் நான். இதைப் படிப்பவர்களில் ஊரில் இருக்கும் பெற்றவர்களுக்கு சாய்வு நாற்காலி அனுப்பியவர்கள் இருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மறுநாளே அத்தாவுக்குப் பயிற்சி தொடங்கினேன்: ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுவது, உட்காருவது. காலையில் பத்து, மாலையில் பத்து. முதல் நான்கு நாள் அத்தாவின் கால்கள் உதறின, நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். ஒன்பதாம் நாள் என் கையைத் தட்டிவிட்டார். பதினோராம் நாள் அசருக்கு, "அந்த சேரைத் தூக்கி வெளில போடு. வா, சேந்து தொழுவோம்" என்றார். மறுநாள் எனக்கு விமானம். அக்கா கதவோரம் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலை ஒட்டி இருவரும் நின்றோம். குனிந்தோம். தரையில் நெற்றி வைத்தோம். பக்கத்தில் அத்தா மூச்சு வாங்குவது கேட்டது. விழுந்துவிடுவாரோ என்று அந்தப் பக்கமே காதை வைத்திருந்தேன். அவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் கம்பியைப் பற்றி, ஒருமுறை சரிந்து, மறுமுறை எழுந்துவிட்டார்.

நான் எழவில்லை. மூன்று வருடமாக நானும் தரைக்குப் போனதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு காலை மடக்கினேன், உடம்பு மேலே வரவில்லை. இரண்டு கையையும் ஊன்றினேன், முட்டி பிடித்துக்கொண்டது. தொழுகையைத் தொடரக் கட்ட வேண்டிய கையைக் கட்டாமல் அத்தா எனக்காகக் காத்து நின்றார். மணிக்கட்டு அதிர்ந்தது. ஊருக்கு வந்தும் அங்கத்து நேரத்தை மாற்றாத கடிகாரம், "தெபு" என்று காட்டிக்கொண்டிருந்தது. அதே நேரம் என் முகத்துக்கு நேரே அத்தாவின் கை வந்து நின்றது, நரம்பு புடைத்து, லேசாக நடுங்கியபடி. பிடித்து இழுத்தால் அவரும் என்னோடு சாய்ந்துவிடுவார். கடிகாரம் அதிர்ந்துகொண்டே இருந்தது. கையைப் பிடிக்கவும் துணிவில்லாமல், விடவும் மனசில்லாமல், நான் தரையிலேயே கிடந்தேன்.