வேலையாட்கள்: ஒருவர்

மட்டாஞ்சேரியில் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றின் பின்கட்டில், காலை பத்தே முக்கால் மணிக்கு, ஒரே தட்டில் ஏழு சாயா கிளாஸ்கள் வந்து இறங்கின. எண்ணுவதுதான் அப்போது என் வேலை. சிறு தொழில்களின் கணக்கெடுப்பில் அந்தத் தெருவை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

அங்கே கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுக்கும் தொழில் நடத்தியவரைக் கடைத்தெருவே சாக்கக்கா என்று அழைத்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். மிளகும் சுக்கும் வந்திறங்கிய சாக்குகள் ஓட்டையும் கிழிசலுமாக அவரிடம் வரும். தூசி தட்டி, ஒட்டுப் போட்டு, கோணி ஊசியால் தைத்ததும் வியாபாரிகளிடமே திரும்பும். சாக்கை முழுதாக விரித்தால்தான் ஓட்டை கண்ணில் படும். அதனால் ஆளுக்கு ஒரு பாய் அளவு தரை வேண்டும். அக்காவோடு சேர்த்து ஏழு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து தைத்தார்கள். மூத்தவர் அக்காவின் நாத்தனார். "ஏட்டி, ஒன் தையலு கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கு" என்று அவர் அக்காவையே வைவார். மற்றவர்கள் சிரிப்பார்கள், அக்காவும்தான்.

நாட்டின் பொருளாதாரமே இத்தகைய சிறு தொழில்களின் மேல்தான் நிற்கிறது என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் நம்பினேன். ஓட்டைச் சாக்கில் மிளகு ஊர் தாண்டாது. மிளகின் மதிப்பை எங்கெங்கோ எழுதிவைப்பார்கள். அதைச் சிந்தாமல் காத்த ஒட்டு எழுதப்பட வேண்டிய ஒரே இடம் என் கையிலிருந்த படிவம்.

"எத்தனை பேர் வேலை செய்றாங்க?" என்று கேட்டேன்.

அக்கா கிளாஸ்களைப் பார்த்தார், பிறகு என்னை. "நான் ஒருத்திதான் சார்."

"இவங்க?"

"சும்மா பேச வந்தவங்க. சாயா குடிச்சிட்டுப் போயிருவாங்க."

ஆள் கணக்கைக் காட்டினால் கடையைப் பூட்டிவிடுவார்கள் என்று தெருவில் ஒரு பயம் இருந்தது. எனக்கும் அது தெரியும். ஆனால் சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்பது விதி. வேலையாட்கள் என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும்.

மூன்று வருடம் கழித்து அந்தக் கிட்டங்கியை ஓட்டல் கட்ட விற்றுவிட்டார்கள். அங்கிருந்த சிறு தொழில்காரர்களுக்கு மாற்றிடம் உண்டு, பதிவில் உள்ள ஆட்களின் எண்ணிக்கைப்படி என்று அறிவிப்பு வந்தது. அக்காவுக்கு ஆறடிக்கு நாலடி.

சுள்ளிக்கல்லில் என் வீட்டைத் தேடி வந்து வாசலிலேயே நின்றார். "பொய் சொன்னது நான்தான் சார். ஏழுன்னு மாத்தி எழுதிக் குடுங்க. அந்த ஆறு பேரும் எங்க போவாங்க?"

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஏழு பேரோடும் அலுவலகத்துக்குப் போனேன். அன்று நான் கண்டது ஏழு பேரை, எழுதியது தவறு என்று சொன்னேன். அதிகாரி கடுமையான மனிதர் அல்ல. மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். ஏழு என்று திருத்தலாம். ஆனால் இத்தனை வருடம் ஆட்களை மறைத்ததற்காக இவருடைய லைசென்ஸ் ரத்தாகும். லைசென்ஸ் இல்லாதவருக்கு இடமே கிடையாது. திருத்தட்டுமா?

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாத்தனார் முன்னால் வந்துவிட்டார்.

"நாங்க வேலைக்காரங்க இல்ல சாரே. பழைய சாக்கு வாங்க வந்தவங்க. இந்த முதலாளியம்மாவ எங்களுக்குப் பழக்கமே கெடையாது."

"மதினி!" என்றார் அக்கா.

அவர் திரும்பவில்லை. "வாங்கட்டி, நமக்கு இங்க என்ன சோலி" என்று மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வெளியேறினார். அதிகாரி என்னைப் பார்த்தார். அவர்கள் சொன்னது பொய் என்று நான் சொல்லியிருந்தால் அக்காவுக்கு இருந்த நாலடியும் போயிருக்கும். 'ஒருவர்' என்ற பதிவே சரி என்று எழுதிய தாளில் அக்கா கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவர் சாக்கைக் கதவில் தொங்கவிட்டு, நின்றபடியே தைக்கிறார். மழை பெய்தால் அதுவும் முடியாது. பாதி வியாபாரிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் தேவராவில் ஒரு அடுக்குமாடியில் பாத்திரம் துலக்குகிறார். மற்ற ஐந்து பேரைப் பற்றி எனக்குத் தெரியாது.

போன வாரம் அக்காவைப் பார்த்தேன். போனில் கூப்பிட்டால் நாத்தனார் "சொல்லுங்க முதலாளியம்மா" என்றுதான் பேசுகிறாராம். விளையாட்டுக்குத்தான் என்றார் அக்கா. சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.