பெவர்லி சொல்லாமல் விட்டது

பெவர்லிக்குப் பொறாமை புதிதல்ல. பள்ளியில் கணக்குப் பாடம் காலை வாரியதால் அறிவியல் வகுப்பு கிடைக்காமல் போனது. அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பதினோரு வருஷம் ஒரு கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து, இரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டி உள்ளே சோதனைக்கு அனுப்பினாள். உள்ளே கூப்பிட்டு, இதுதான் நாங்கள் செய்வது என்று ஒருநாளும் யாரும் காட்டியதில்லை.

கிளினிக் மூடியபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. இறால் பண்ணைத் தண்ணீரைச் சோதிக்கும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர் பயிற்சிக்கு எழுதிப்போட்டாள். எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் கோட்டை மாட்டியதும் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்து, கணவர் கிளிஃபர்டுக்கு அனுப்பினாள்.

அதே நாளில் சேர்ந்தவள் ரூபினி. இருபத்திரண்டு வயது, கெப்பாலா பத்தாஸ் ஊரிலிருந்து வருகிறவள். வீட்டில் பிறந்தநாள் கேக் செய்து விற்கும் குடும்பம். அவளும் பெரிய படிப்பு ஒன்றும் படிக்கவில்லை என்று தெரிந்ததும் பெவர்லிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மூன்று நாள்தான் நிலைத்தது.

தண்ணீரைச் சொட்டுக் கணக்கில் அளந்து எடுக்கும் பிப்பெட் குழாயைப் பிடிப்பதுதான் முதல் பாடம். கட்டைவிரலால் பொத்தானை முதல் தடைவரை அழுத்தி, நுனியைத் தண்ணீரில் வைத்து, தண்ணீர் ஏறும்படி விரலை மெதுவாக விட வேண்டும். வெளியே விடும்போது இரண்டாம் தடைவரை அழுத்த வேண்டும். பொறுப்பாளர் ரொஸ்னா தராசில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து, ஒரே அளவுத் தண்ணீரைப் பத்து முறை விடச் சொன்னாள். ரூபினியின் பத்து எடையும் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருந்தன. பெவர்லியின் எடைகள் ஏறின, இறங்கின. பொத்தானைச் சட்டென்று விட்டதால் நுனிக்குள் காற்றுக்குமிழி புகுந்துவிட்டிருந்தது. ஐசிங் பூ வைத்துப் பழகிய கை என்று சொல்லி ரூபினி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கர்வம் இல்லை. இருந்திருந்தால் பெவர்லிக்கு வசதியாக இருந்திருக்கும்.

அடுத்தது கிருமியைத் தட்டில் இழுப்பது. கம்பி வளையத்தைத் தீயில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு, கிருமியைத் தொட்டு, ஜெல்லி ஊற்றிய வட்டத் தட்டின் ஓரத்தில் இழுக்க வேண்டும். மறுபடி சுட்டு, முதல் கோட்டின் நுனியிலிருந்து அடுத்த கோடு. இப்படி நான்கு தடவை. சரியாகச் செய்தால் மறுநாள் கடைசிக் கோட்டில் கிருமிக் கூட்டங்கள் தனித்தனிப் புள்ளிகளாக நிற்கும். ரூபினியின் தட்டில் ஜவ்வரிசி தூவியது போல நின்றன. பெவர்லியின் தட்டில் வெண்ணெய் தடவியது போல ஒரே ஈஷல்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் ஜெலுத்தோங் சந்தையில், ஜெல்லி காய்ச்சும் அகார் அகார் பொட்டலம் நான்கு பெவர்லி வாங்கினாள். வீட்டுத் தட்டுகளில் காய்ச்சி ஊற்றி, வளைத்த கம்பியால் இழுத்து இழுத்துப் பழகினாள். ஜெல்லி கிழியாமல் இழுக்க ஒரு வாரம் பிடித்தது. இதில் ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா என்று கிளிஃபர்ட் கேட்டதற்கு அவள் சிரிக்கவில்லை.

ஐந்தாம் வாரம் திங்கட்கிழமை, பண்ணைக் குளங்களின் தண்ணீரைத் தட்டுகளில் இட்டுக் கிருமி வளர்க்க, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ரூபினி குள எண்களைத் தட்டின் மூடியில் எழுதுவதைப் பெவர்லி பார்த்தாள். அடியில்தான் எழுத வேண்டும், மூடி மாறிப்போகும். முதல் வாரத்தில் ரொஸ்னா இதைச் சொன்ன காலை, ரூபினி பல் மருத்துவரிடம் போயிருந்தாள். பெவர்லிக்கு அது நன்றாக நினைவிருந்தது. சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டுத் தன் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கினாள்.

மறுநாள் கிருமிப் புள்ளிகளை எண்ணுவதற்காக ரூபினி மூடிகளை எல்லாம் கழற்றி ஒரு பக்கம் குவித்தாள். எண்ணி முடித்துத் திரும்பியபோதுதான் அவளுக்குப் புரிந்தது. எது எந்தக் குளம் என்று சொல்ல வழியில்லை. ரொஸ்னா சத்தம் போடவில்லை. தண்ணீரை மறுபடி எடுத்து வர வேண்டும் என்றாள். பிறகு பெவர்லியின் தட்டுகளை விளக்கில் காட்டிப் பார்த்து, மிகச் சுத்தம் என்றாள். பெவர்லிக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று முழுக்கச் சந்தோஷமாகவே இருந்தது. அதை அவள் பின்னாளில் மறைத்ததில்லை.

புதன்கிழமை இரண்டு பேரையும் வேனில் பண்ணைக்கு அனுப்பினார்கள். குளக்கரையில் போத்தலைக் கழுவிக்கொண்டே ரூபினி சொன்னாள்:

“நீங்க அடியில எழுதுறத நான் கவனிக்கவே இல்ல லா, அக்கா. ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.”

“நான் கவனிச்சேன்,” என்றாள் பெவர்லி.

“என்னத்த?”

“நீ மூடியில எழுதுறத. முந்தாநாளே பாத்தேன். சொல்லல.”

ரூபினி போத்தலைக் கீழே வைத்தாள். “ஏங்க்கா?”

“உன் கை மாதிரி எனக்கு வரல.”

ரூபினி போத்தலை மூடி எடுத்துக்கொண்டாள். மிச்சக் குளங்களுக்குத் தனியாக நடந்து போனாள். திரும்பும் வழியில் வேன் பாலத்தைத் தாண்டி ஆய்வுக்கூடம் சேரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெவர்லி அன்றே ரொஸ்னாவிடம் நடந்ததைச் சொன்னாள். வேலை தெரியாதவளை வைத்துக்கொள்ளலாம், பார்த்துவிட்டு வாய் மூடுகிறவளோடு ஆய்வுக்கூடம் நடத்த முடியாது என்றாள் ரொஸ்னா. ரூபினிக்கு மாதக் கடைசியில் வேலை உறுதியானது. பெவர்லிக்குப் பயிற்சியை இன்னும் இரண்டு மாதம் நீட்டினார்கள். அந்த இரண்டு மாதமும் ரூபினி வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அக்கா என்றும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு மதியம், கடையில் தாப்பாவ் கட்டி, பொட்டலமாக வாங்கி வந்த மீ கோரெங் நூடுல்ஸில் பாதியைப் பெவர்லி பக்கம் தள்ளி, சாப்பிடுங்கக்கா என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

இப்போது மூன்று வருஷமாகிறது. பெவர்லிக்கும் வேலை நிரந்தரமாகிவிட்டது. தட்டுகள் அவள் பொறுப்பு. போன மாதம் மரபணு சோதிக்கும் புது இயந்திரத்தில் பழக ரூபினியை அனுப்பினார்கள். பயிற்சிப் பட்டியலில் தன் பெயர் இல்லாததைக் கண்டதும் பெவர்லிக்குப் பழைய பொறாமை வந்தது. இந்தத் தடவை அவள் நேராக ரொஸ்னாவின் மேசைக்குப் போய், என்னை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டாள். ஜனவரியில் என்று எழுதிக்கொண்டாள் ரொஸ்னா.