சிவப்பு ஸ்டிக்கர்

குன்றத்தூரில் எங்கள் மாடியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர், செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். லீவு நாளிலும் சட்டையை இன் பண்ணியிருப்பார். என் மகளின் காலேஜ் புராஜெக்டை விழுங்கிக்கொண்டு எங்கள் கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தபோது அவரைத்தான் கூப்பிட்டேன்.

பட்டனை அழுத்தினார், காதை வைத்துக் கேட்டார், மறுபடி அழுத்தினார். சட்டைப்பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து, பொட்டு வைப்பதுபோல் அதன்மேல் ஒட்டினார்.

"ஃபெயிலு, அண்ணாச்சி."

"அது எங்களுக்கே தெரியுமே! சரி பண்ணுங்க."

"கம்பெனி லைன்ல நான் டெஸ்டிங் மட்டுந்தான். ரிப்பேருக்கு அடுத்த டேபிளுல்லா?"

எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரே டேபிள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் சரிசெய்து தந்த அன்று மாடிக்காரரே இறங்கி வந்தார். திரை ஒளிர்ந்ததும் சிவப்பை உரித்துப் பச்சையை ஒட்டினார்; எங்களைவிட அவர் முகத்தில்தான் வெளிச்சம்.

அப்புறமும் அது பலமுறை மக்கர் பண்ணியது. பச்சையை உரிக்க மட்டும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்த அதிகாரம் உள்ளவர் மாடியைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்.