கழுவிக் கொடுத்த சங்கிலி

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. ராஜபாளையத்தில் மில் தொழிலாளர்கள் குடியிருந்த தெரு ஒன்றில் நாங்கள் இருந்தோம். ஐந்து வயதான என் மகனுக்கு இரண்டு கன்னமும் உப்பி, பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. கழுத்தில் தங்கம் போட்டால் வடிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். என்னிடமோ தாலியைத் தவிரப் பொட்டுத் தங்கம் கிடையாது.

எதிர்வீட்டு அக்கா மளிகைக்கடைக்காரரின் மனைவி. நான் கேட்கும் முன்பே தன் மகளின் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். "ஏட்டி, போட்டு விடு. வடிஞ்ச பொறவு தந்தாப் போதும்" என்றார்.

மூன்றாம் நாளே வீக்கம் கொஞ்சம் குறைந்தது. அடுத்தவர் நகை வீட்டில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. சுத்தத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் வேறு. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, மகனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சங்கிலியைக் கொடுத்தேன். அக்கா ஒரு டம்ளரில் நன்னாரி சர்பத் கலந்து வைத்தார். என் மகன் பாதி, அவர் மகள் பாதி குடித்தார்கள்.

இரண்டு வாரம் தாண்டி அந்தப் பெண்ணுக்கும் கன்னம் வீங்கியது. வீக்கம் வடிந்த பிறகு, வலது பக்கம் நின்று கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனார் அக்கா. நானும் போனேன். "சங்கிலிய நல்லாத்தான் கழுவுனேன் சார்" என்று அழுதேன்.

"சங்கிலிய விடுங்கம்மா. தங்கம் இதக் குணமாக்கவும் செய்யாது, பரப்பவும் செய்யாது. இது வைரஸ். அதுக்குத் தனியா இருந்து பெருகத் தெரியாது. நம்ம உடம்புக்குள்ள புகுந்துதான் பெருகும். எச்சில், இருமல், தும்மல் வழியா அடுத்த ஆளுக்குப் போகும். வீங்குறதுக்கு முன்னாடியே பரவ ஆரம்பிச்சிரும். வீங்கி அஞ்சு நாளாவது பிள்ளையத் தனியா வச்சிருக்கணும்" என்றார் அவர். அந்தக் காது இனி கேட்காது என்பதையும் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் தலை நிமிரவில்லை. மூன்றாம் நாளே பிள்ளையைக் கூட்டிப்போனவள் நான்தானே. "ஒரே டம்ளர்ல ஊத்துனது நான்தான். அழாத" என்றார் அக்கா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்லூரிக்குப் போகும் மகன் இருக்கிறான். நான் போனால் ஆளுக்கொரு டம்ளரில் சர்பத் கொண்டுவருவாள். அவளுக்கு இடப்பக்கமாகப் போய் உட்காரும்போதெல்லாம், கண்ணுக்குத் தெரிந்த அழுக்கை மட்டுமே கழுவத் தெரிந்தவளாக அன்று இருந்தேனே என்று மனசு சுருங்கிப்போகிறது.