வெயில் தொட்டியில் பூசிய கீல்

சுனாமியில் கடல் வந்து போனபின் நாயாற்றில் எங்கள் வளவுக் கிணறுகள் உப்பாகிவிட்டன. இறைத்துப் பார்த்தோம். இறைக்க இறைக்க உப்புத் தண்ணீர்தான் ஊறியது. பிறகு ஒரு உதவி நிறுவனம் சில வீடுகளுக்கு வெயில் தொட்டி கட்டிக் கொடுத்தது. அதில் ஒன்று பக்கத்து வீட்டுக்குக் கிடைத்தது.

கதவளவு சீமெந்துத் தொட்டி. உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே சரிவாக ஒரு கண்ணாடி. காலையில் கடல்நீரை ஊற்றினால் அது வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் துளிர்க்கும். துளிகள் வழிந்து ஒரு குழாய் வழியே கலனுக்குள் விழும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நல்ல வெயிலில் நான்கு போத்தல் வரும்.

அந்த வீட்டில் இருவர். கணவர் கடற்றொழிலாளி. மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவுக்குச் சிறுநீரக நோய். உப்புத் தண்ணீர் குடிக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தொட்டி நீர் அக்காவுக்கு மட்டும்தான். கணவர் தேநீருக்குக்கூட அதைத் தொடமாட்டார்.

சண்டை மூண்டு, வெளியிலிருந்து சாமான் வரும் ஓமந்தைப் பாதை மூடிச் சில மாதங்களில் தொட்டியின் அடி வெடித்தது. ஊற்றிய நீர் மத்தியானத்துக்குள் மணலுக்குப் போனது. சீமெந்தும் இல்லை, பெயின்றும் இல்லை. கட்டிக் கொடுத்தவர்களும் வெளியேறிவிட்டார்கள். உழவு இயந்திரத்தில் வந்த குடிநீர் டீசல் இல்லாமல் நின்றிருந்தது. ஷெல் விழும் பாதையில் தண்ணீருக்காகச் சைக்கிள் மிதிக்க எவரும் துணியவில்லை. மற்றவர்கள் உப்புக் கிணற்றையே குடித்தோம்.

கணவர் ஒழுகும் வள்ளத்துக்குச் செய்வதைச் செய்தார். வள்ளத்துக்குப் பூசும் தாரான கீலைக் காய்ச்சி வெடிப்பை அடைத்தார். மிச்சத்தை அடி முழுவதும் பூசினார். கீல் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

“இனி ஒரு சொட்டும் போகாது. முந்தினதைவிடக் கறுப்பு, வெயிலை நல்லா இழுக்கும்” என்றார்.

ஒழுக்கு நின்றது. கலன் நிரம்பியது. அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டுத் துப்பினார்.

“இஞ்சருங்கோ, இது தண்ணியோ? உங்கட வள்ளத்தைக் கரைச்சுக் குடிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு.”

“கடலுக்குப் போகாமலே நீ கடற்காரியாயிட்டாய்.”

“பகிடி விடாதேங்கோ. நீங்கள் குடிச்சுப் பாருங்கோ.”

அவர் குடித்தார். சிரிப்புப் போய்விட்டது. “பத்து நாள் வெயில் பட்டால் மணம் போயிடும்” என்றார். வள்ளத்தில் அப்படித்தான் போகும்.

தொட்டியில் போகவில்லை. மூடிய கண்ணாடிக்குள் வெயில் ஆவியோடு கீலின் மணத்தையும் கிளப்பிக் கலனில் சேர்த்தது. வெயில் ஏற ஏற மணமும் ஏறியது. வானம் மப்பாகக் கிடந்த நாளில் மணம் குறைவு, தண்ணீரும் அரைப் போத்தல்தான். காய்ச்சினோம். கரி போட்டு வடித்தோம். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தார், வாந்தி எடுத்தார்.

பத்து நாளும் கழிந்து, இரண்டாம் கிழமை கணவர் உளியை எடுத்துக் கீலைச் செதுக்கினார். கீலோடு சீமெந்தும் பெயர்ந்து வந்தது. பின்னேரம் தொட்டியின் அடியில் மணல் தெரிந்தது. அதற்குமேல் அவர் செதுக்கவில்லை.

அக்கா உப்புக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, கையாலேயே ஏந்திக் குடித்தார்.

“என்னப்பா செய்யிறாய்?” என்றார் கணவர்.

“தாகமப்பா. இதிலை மணமில்லை.”

உளியோடு நின்றவர் தடுக்கவில்லை. கொடுக்க அவரிடம் வேறு தண்ணீர் இல்லை. என்னிடமும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அக்காவின் வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு கிணற்றடிக்கு நடந்தார்.