கம்பித் தடுப்பில் சிக்கிய மூட்டை

எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, பெருமாநல்லூரில் பனியன் கம்பெனியில் கறை, ஓட்டை பார்த்துக் கழிக்கிற செக்கிங் மேசையில் இரண்டு வருடம் நின்ற பிறகு, எங்கள் ஊருக்கே வேலை கிடைத்து வந்தேன். உடுமலைப்பேட்டைப் பக்கம், வாய்க்கால் மேல் கட்டிய சின்ன மின்நிலையம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "எம்பையன் தண்ணியில கரன்ட் எடுக்கறான்" என்று அம்மா, தான் வேலை பார்க்கிற, பனியன் வேஸ்ட் துணி பிரிக்கிற குடோனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அணை திறப்பது பாசனத்துக்குத்தான். டர்பைனுக்கென்று ஒரு சொட்டும் விடமாட்டார்கள். வயலுக்குப் போகிற தண்ணீர் பள்ளத்தில் விழும் இடத்தில், போகிற போக்கில் டர்பைனைச் சுற்றவிட்டுக்கொள்ளலாம். தண்ணீர் நின்றால் வேலையும் நின்றது. அடுத்த திறப்புக்குக் கூப்பிட்டால் உண்டு.

என் வேலை டர்பைனிடம் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிற கம்பித் தடுப்பில். காய்ந்து கிடக்கும் மாதங்களில் வாய்க்கால்தான் ஊருக்குக் குப்பைமேடு. திறந்ததும் அத்தனையும் வந்து கம்பியில் அப்பிக்கொள்ளும். தேங்காய் மட்டை, பாட்டில் எல்லாம் இழுத்தால் வந்துவிடும். பனியன் வேஸ்ட்தான் உயிரை எடுக்கும். நனைந்த துணி கம்பிக்குக் கம்பி சுற்றிக்கொண்டால் தண்ணீர் உள்ளே வராது, மிசின் நின்றுவிடும்.

"இன்னிக்கு மட்டும் நாலு தடவ நின்னுருக்குதுங்க தம்பி. இப்பிடியே போனா அடுத்த தண்ணிக்கு வேற ஆளத்தான் பாக்கோணும்" என்றார் சூப்பர்வைசர். மரியாதையாகத்தான் சொன்னார்.

தண்ணீர் திறந்த ஐந்தாம் நாள் மதியம் அம்மா சோறு கொண்டு வந்தாள். நான் கொக்கிக் கம்போடு நிற்பதைப் பார்த்தாள்.

"கரன்ட் எடுக்கறேன்னியே கண்ணு? எங்க குடோன் வேலையாட்டல்ல இருக்குது!"

"நீ உக்காந்து பிரிக்கற, நான் நின்னு பிரிக்கறேன். அவ்வளவுதான்."

சிரித்தாள். அப்போது ஒரு மூட்டை மேலே வந்தது. வாயில் இரண்டு சிவப்புத் துணி நாடாக்களை முறுக்கிப் போட்ட முடிச்சு. அம்மாவின் சிரிப்பு நின்றது. குடோனில் ஆளுக்கொரு முடிச்சு, இது அவளுடையது.

"ஆயில் பட்டதெல்லாம் வெலைக்குப் போகாதுன்னு கொட்டச் சொன்னாங்க. காஞ்ச வாய்க்கால்தானேன்னு போட்டோம்."

"எத்தன மூட்டைம்மா?"

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு இன்னொரு கம்பை எடுத்தாள்.

பேச்சுச் சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்தார். "எந்தக் குடோன்காரன்னு தெரிஞ்சா சொல்லுங்க தம்பி, புகார் எழுதிப் போட்டர்லாம். உங்க மேல பேச்சு வராது."

அம்மா குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலீங்க" என்றேன்.

அடுத்த திறப்பு வந்து ஒரு வாரம் ஆகிறது. நான் மறுபடி செக்கிங் மேசையில். அம்மா போன் செய்தாள்.

"கூப்புட்டாங்களா கண்ணு?"

"இல்லம்மா."

"இந்தத் தடவ நாங்க வாய்க்கால்ல போடலடா. குடோனுக்குப் பொறவாலயே மலையாட்டக் கெடக்குது."

"சரிம்மா" என்று வைத்தேன். மேசையில் தைத்து வந்த பனியன் பீஸ் குவிந்திருந்தது. முதல் பீஸிலேயே ஆயில் கறை. எடுத்து வேஸ்ட் மூட்டையில் போட்டேன்.