தூங்குகிற தெருவில் ஒரு வீடு

கும்மிடிப்பூண்டியில் வீடு தேடிய நாட்களில் என்னிடம் பதினான்கு வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. தண்ணீர் எந்த நேரத்தில் வரும், பள்ளி வேன் தெருவுக்குள் நுழையுமா, மழை பெய்தால் தெருமுனையில் எவ்வளவு நிற்கும், மொட்டை மாடிச் சுவர் எட்டு வயதுக் குழந்தையின் தோளுக்கு மேல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டுக்கொண்டு போனேன். வீட்டுக்காரர்களிடம் பட்டியல் எதுவும் இல்லை. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி.

"இன்னா ஷிப்ட்டு?"

எந்த ஊர், எத்தனை பேர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். "ஜெனரல்" என்பேன். காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்தேகாலுக்கு வெளியே வருகிற வேலை, இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சிலர் தலையாட்டினார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் ஒரு வீட்டுக்கார அக்கா மட்டும், "ஜெனரலா..." என்று இழுத்தார். அந்த இழுப்புக்கு எந்த வரியில் மதிப்பெண் குறைப்பது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

அதுவரை நாங்கள் வேப்பம்பட்டில் இருந்தோம். கணவருக்கு ஓசூரில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவார். எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப் பிரிவில் வேலை கிடைத்தது. வேப்பம்பட்டும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் சென்ட்ரல் வரை போய், பிளாட்பாரம் மாறி, மறுபடியும் வடக்கே ஏற வேண்டும். மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற கதை. பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போனால் உட்கார இடம் கிடைப்பது அன்றைய ராசியைப் பொறுத்தது. மூன்று மாதம் இரண்டையும் செய்து பார்த்தேன். பள்ளி விட்டதும் என் மகளை மேல் வீட்டு ஆண்ட்டி பார்த்துக்கொண்டார். அவரும் மகனுடன் இருக்கக் கோவைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று, இடம் மாறுவது என்று முடிவாயிற்று.

கும்மிடிப்பூண்டிப் பள்ளியில் இடம் முதலிலேயே கிடைத்துவிட்டது. அங்கேதான் சிக்கலும் தொடங்கியது. பள்ளி வேன் குழந்தையை நாலு பத்துக்கு வீட்டில் இறக்கிவிடும். என் கம்பெனி பஸ் என்னை ஐந்து ஐம்பதுக்கு இறக்கிவிடும். நடுவில் நூறு நிமிடம். பதினான்கு வரிகளும் உண்மையில் இந்த நூறு நிமிடத்தைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருந்தன. ஆனால் அந்த நூறு நிமிடம் மட்டும் பட்டியலில் ஒரு வரியாக இல்லை. அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் இரண்டு இடங்கள் நின்றன. ஒன்று நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி: லிஃப்ட், கேமரா, காவலாளி, ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள சின்னப் பூங்கா. எழுபதுக்கு அறுபத்தொன்று. இன்னொன்று ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தெரு. எழுபதுக்கு ஐம்பத்து நான்கு. ஒன்பதாவது வரி "சத்தம்". அதில் இரண்டுக்கும் ஐந்துக்கு ஐந்து. இரண்டு இடத்திலும் குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. அடுக்குமாடிக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்க வருவதாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கேன்டீனில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற தோழி பட்டியலை வாங்கிப் பார்த்தாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரி, என் வயதுதான்.

"எப்போ போய் பாத்தீங்க மேடம்?"

"ஞாயித்துக்கிழமை. பதினோரு மணி இருக்கும்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அவள் சாம்பார் சாதத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சிரித்தாள். "போன வாரம் நாங்க ஒரு ஷிப்ட்டு பீஸ மட்டும் எடுத்துக்கினு வந்து, மூணு ஷிப்ட்டும் ஓகேன்னு சொன்னோம். நீங்க இன்னா பண்ணீங்க?"

மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பியிருந்தேன். மூன்று ஷிப்டிலும் மாதிரி எடுக்காமல் தரத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று பத்து நிமிடம் வகுப்பும் எடுத்திருந்தேன்.

"ஊட்டுக்கு மட்டும் ஞாயித்துக்கிழம சாம்பிளா? திருப்பி அனுப்புங்க மேடம்" என்று பட்டியலை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள். மேசையில் இருந்த மற்ற பெண்கள் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடிப்பதுபோல் டம்ளரை உயர்த்திக்கொண்டார்கள்.

புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டேன். முந்தைய நாள் வேப்பம்பட்டுப் பள்ளியில் ஆண்டு விழா நடந்ததால் என் மகளுக்கும் லீவு. அவளையும் அழைத்துக்கொண்டு, வேன் வரும் அதே நாலு பத்துக்கு அடுக்குமாடியில் போய் நின்றேன்.

காவலாளி நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். மூன்றாவது மாடி நடைபாதையில் பன்னிரண்டு கதவுகள், பன்னிரண்டிலும் பூட்டு. பூங்காவில் ஊஞ்சல் காற்றில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் என் மகளைவிடச் சற்றுப் பெரியவளாக ஒரு சிறுமி லிஃப்டிலிருந்து வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டிய இடத்தில் சாவி தொங்கியது. கதவைத் திறந்தாள், உள்ளே போனாள், தாழ்ப்பாள் போட்டாள். நடைபாதை முழுக்க அந்தத் தாழ்ப்பாள் சத்தம் போய்த் திரும்பி வந்தது.

"அவ உள்ள போயி யார்கிட்டம்மா பேசுவா?" என்றாள் என் மகள்.

என் மகள் பேசாமல் இருக்கக்கூடியவள் அல்ல. குளிக்கும்போதும் யாருக்காவது ஏதாவது விளக்கிக்கொண்டிருப்பாள். நான் லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன்.

நாலரைக்கு ரயில் நிலையத் தெருவுக்குப் போனோம். முதலில் அதே அமைதிதான். பிறகுதான் தெருவின் நடுவே ஏழெட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். கவனிக்காமல் போனதற்குக் காரணம், அவர்கள் வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஸ்பாஞ்சுப் பந்து. ஸ்டம்புக்கு ஒரு அட்டைப்பெட்டி. பந்து அதில் பட்டதும் பந்து போட்டவள் இரண்டு கைகளையும் தூக்கி, வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் அவுட் கேட்டாள். நடுவராக நின்ற பையன் விரலைத் தூக்கினான். மட்டை பிடித்தவன் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சண்டை முழுவதும் குசுகுசுப்பிலேயே நடந்தது. கெட்ட வார்த்தைகூடக் குசுகுசுப்பில்தான் வந்தது.

என் மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு, "நானும் வரட்டா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். ஏழெட்டு விரல்கள் ஒரே நேரத்தில் உதட்டுக்குப் போயின. அவளை ஃபீல்டிங்குக்கு நிறுத்தினார்கள்.

வீட்டுக்கார அக்கா கதவை ஒருக்களித்துத் திறந்து வெளியே வந்தார்.

"இன்னாமா, மறுபடியும் வந்துக்கிற?" அவரும் குசுகுசுத்தார்.

"ஏன்கா எல்லாரும் மெதுவா பேசுறாங்க?"

"ஆளுங்க தூங்குது. நைட்டு போய்ட்டு வந்த ஆளு ஆறு மணி வரிக்கும் தூங்கும். காலைல நாலுக்கு எய்ந்து போன ஆளு ரெண்டு மணிக்கு வந்து படுக்கும். அதான் உன்னிய ஷிப்ட்டு கேட்டேன். ஜெனரலு ஆளுங்க பகல்ல தூங்க மாட்டாங்க, டிவிய அலற வுடுவாங்க. பேஜாரு."

அப்போதுதான் வாசல்களைப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாக் கதவுகளுக்கு முன்னாலும் ஒரு ஜோடி சேஃப்டி ஷூ இருந்தது. முனையில் இரும்பு வைத்த, தூசி படிந்த, கயிறு அவிழ்ந்த ஷூக்கள். ஞாயிற்றுக்கிழமை அவை கண்ணில் பட்டிருந்தால் காலணி வைக்க இடம் இல்லை என்று ஒரு மதிப்பெண் குறைத்திருப்பேன்.

என் ஒன்பதாவது வரி இரண்டு இடத்துக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்திருந்தது. அங்கே யாரும் இல்லாததால் அமைதி. இங்கே எல்லோரும் இருப்பதால் அமைதி. தரப் பிரிவில் சம்பளம் வாங்குகிற எனக்கு இந்த வித்தியாசம் தெரிய இரண்டாவது மாதிரி வேண்டியிருந்தது.

"நாங்க சத்தம் போட மாட்டோம்கா" என்றேன். என் மகளைத் திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னேன்.

அக்கா அவளைக் கூப்பிட்டார். "இங்க பாரு கண்ணு. இந்தத் தெருவுல கத்தக் கூடாது. ஆனா எதனா ஒண்ணுன்னா கத்தணும். நல்லா கத்தணும். கத்துனா ஊடு ஊடா எய்ந்து வரும். புரிஞ்சுதா?"

என் மகள் தலையாட்டினாள். பேசாமல் தலையாட்டியது அதுதான் முதல் முறை.

ஓசூருக்குப் போன் செய்து சொன்னேன். "தேடித் தேடி, ஊரே தூங்குற தெருவா புடிச்சிருக்க. நான் வந்தா எனக்கும் ஒரு ஷிப்ட் போட்டுக் குடுப்பாங்களா?" என்றார் கணவர்.

மே மாதம் குடிவந்தோம். ஜூனில் பள்ளி திறந்தது. தினமும் நாலேகாலுக்கு நான் அக்காவின் எண்ணுக்குப் போன் செய்வேன். மறுமுனையில் "வந்துட்டேன்" என்று ஒரு குசுகுசுப்பு வரும். அக்கா வீட்டில் பையைப் போட்டுவிட்டு விளையாடப் போய்விடுவாள். பத்து நாளில் வீட்டுக்குள்ளும் குசுகுசுக்கத் தொடங்கினாள். ஆறரை மணிக்குத் தெரு எழுந்து மிக்ஸி, டிவி, குழாயடிப் பேச்சு என்று ஒரேயடியாகச் சத்தம் கிளம்பும்போதும் இவள் என் காதருகே வந்து வீட்டுப்பாடம் கேட்பாள். பகலில் எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனாலும் நாலு பத்து ஆனால் என் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். அந்த நூறு நிமிடத்தை நான் இன்னும் நம்பவில்லை. தூங்குகிறவர்கள் உண்மையிலேயே எழுந்து வருவார்களா என்று யார் சோதித்துப் பார்த்தது?

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு இருபதுக்கு என் போன் அடித்தது. நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன், நாலேகால் போனைச் செய்ய முடியவில்லை. அக்காவின் எண். எழுந்து வெளியே வந்து எடுத்தேன்.

"ஒண்ணும் இல்லமா. எரும."

"என்னக்கா?"

"எரும மாடு. வேன்ல இருந்து எறங்கி வந்துக்கீது பொண்ணு, எங்கூட்டு வாசல மறிச்சிக்கினு அது நிக்குது. நான் பின்னால துணி தொவச்சிக்கினு இருந்தேன். பாத்துக்கீது, யோசிச்சிக்கீது, கத்திட்டுது. அப்பா, இன்னா தொண்ட. தண்டவாளத்துக்கு அந்தாண்டக்கூட கேட்டிருக்கும்."

"இப்போ?"

"இப்போ இன்னா, தெருவே நிக்குது. எரும மட்டும் நகரல."

பின்னணியில் ஆண்களின் குரல்கள் கேட்டன. ஒருவர் "ஹை, ஹை" என்று விரட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் மேலே என் மகளின் குரல், முழுச் சத்தத்தில், நடந்ததை யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தது. நான் கூட்டத்துக்குள் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். மீதிக் கூட்டத்தில் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு இறங்கினேன். தெருவில் நாலைந்து ஆண்கள் லுங்கியோடு உட்கார்ந்து கொட்டாவி விட்டபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இரண்டு வேறு வேறு ஷூ போட்டிருந்தார். அக்காவின் கணவரிடம், "மன்னிச்சிருங்கண்ணா, தூக்கத்தைக் கெடுத்துட்டா" என்றேன்.

"வுடுமா. தெனம் எருமையா வரப்போவுது" என்றார் அவர். பிறகு சந்தேகத்தோடு என் மகளைப் பார்த்தார். "வந்தாலும் தெனம் கத்தாத, கண்ணு."

அன்று சாயங்காலமே அவள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பட்டியல் எழுதினாள். அது என்னிடமிருந்து வந்த வியாதி. இடப்பக்கம் "கத்தலாம்": எருமை, பாம்பு, நெருப்பு, தெரியாத ஆள் கையைப் பிடித்தால். வலப்பக்கம் "கத்தக் கூடாது": பல்லி, கரண்ட் போனால், தப்பாக அவுட் கொடுத்தால். கடைசியாக ஒரு வரி எழுதி, எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் தாளின் நடுவில் விட்டிருந்தாள்: "அம்மா வர லேட் ஆனால்."

அக்காவிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். "இதுக்கு எதுக்கு கத்தணும்? எங்கூட்ல சாப்ட்டுட்டு படுத்துக்க" என்றார். என் மகள் யோசித்து, அந்த வரியை வலப்பக்கம் சேர்த்துக்கொண்டாள். தாள் இப்போதும் எங்கள் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. என்னுடைய பதினான்கு வரிகள் எங்கே போயின என்று தேடவில்லை.